ஓர் அச்சுப்பொறி, பல மேசைகள்

சிறிய அலுவலகமொன்றில் நான்கு மேசைகள், நான்கு கணிப்பொறிகள், அச்சுப்பொறியோ ஒன்றே! இவ்வேற்பாடு எப்படி வந்தது என்று நீங்கள் எண்ணியதுண்டா?

அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனப் பொறியாளர் கேரி ஸ்டார்க்வெதர், லேசர்க் கதிரைக் கொண்டு அச்சிடலாம் என்று 1960களின் இறுதியில் கருதினார். மேலதிகாரிகள் விரும்பவில்லை, லேசர் அன்று விலைமிக்க பொருள். 1971-இல் அவர் பாலோ ஆல்டோ ஆய்வு நிலையத்துக்கு மாறிச் சென்று, நகலெடுக்கும் பொறியொன்றைத் திருத்தித் தம் கருவியை அமைத்தார். சுழலும் பலமுகக் கண்ணாடி கதிரை வரிவரியாக உருளையின்மீது வீசும். அங்கே மின்னூட்டத்தால் உருவம் பதியும். அதில் ஒட்டும் கரும்பொடி தாளுக்கு மாறி, வெப்பத்தால் நிலைபெறும். அந்நிலையத்திலேயே 1973-இல் தோன்றிய ஈத்தர்நெட் வலையமைப்பு இதனைக் கணிப்பொறிகளோடு பிணைத்தது.

1984-இல் ஹியூலெட்-பேக்கார்டின் லேசர்ஜெட் 3,495 டாலருக்கு வந்தது. 1985-இல் ஆப்பிளின் லேசர்ரைட்டர், 6,995 டாலர்! இரண்டின் உள்ளேயும் இருந்தது ஜப்பானியக் கேனன் நிறுவனத்தின் ஒரே அச்சு இயந்திரம். பின் ஏன் இரு மடங்கு விலை? போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பக்க வரைவு மொழியைப் புரிந்துகொள்ள லேசர்ரைட்டருக்குள் ஒரு முழுக் கணிப்பொறியே இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அது மேசைமீதிருந்த மக்கின்டாஷைவிட வேகமானது. தனியொருவருக்குக் கட்டுப்படியாகாது, ஆகவே பல மக்கின்டாஷ்கள் ஒரே கம்பிவலையில் அதனைப் பகிர்ந்துகொள்ள வழிசெய்தனர். நால்வர் பகிர்ந்தால் தலைக்கு 1,750 டாலர்கூட ஆகாது.

இன்று நீங்கள் வாங்குவதாயின், நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்பதைவிட, வலையிணைப்பு உள்ளேயே அமைந்துள்ளதா என்பதை முதலில் பாருங்கள். இணைத்தபின் அதற்கு மாறாத முகவரியொன்றை அளித்துவிடுங்கள். முகவரி மாறினால் கணிப்பொறிகள் அதனைத் தேடித் திகைக்கும்.