சமையலில் ஊற்றும் ஒயின்... ஆல்கஹால் முழுசா ஆவியாகிடுமா? உண்மை என்ன?

சமையல் நிகழ்ச்சிகளில் அடிக்கடி வரும் காட்சி இது. செஃப் கடாயில் ஒயினை ஊற்றுவார், குப்பென்று தீ எழும்பும். "கவலைப்படாதீங்க, ஆல்கஹால் எல்லாம் ஆவியாகிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

இந்தப் பதில் எல்லோருக்கும் போதாது. மத நம்பிக்கையால் மதுவைத் தொடாதவர்கள், கர்ப்பிணிகள், குடிப்பழக்கத்தில் இருந்து மீண்டவர்கள், குழந்தைக்கும் அதே தட்டில் இருந்து ஊட்டும் பெற்றோர் என பலருக்கு இது முக்கியமான கேள்வி. உண்மையில் என்ன நடக்குது? பார்ப்போம்.

ஒயினை ஏன் சேர்க்கிறார்கள்?

போதைக்காக இல்லை, புளிப்புக்காகவும் மணத்துக்காகவும்தான். நம்ம குழம்பில் புளி செய்யும் வேலையை பிரெஞ்சு, இத்தாலி சமையலில் பெரும்பாலும் ஒயின் செய்கிறது. கறியின் கொழுப்புச் சுவையை அந்தப் புளிப்பு சமன் செய்யும்.

இன்னொரு வேலையும் உண்டு. கறியை வறுத்ததும் கடாயின் அடியில் பழுப்பு நிறத்தில் ஒட்டியிருக்குமே, சுவை முழுக்க அதில்தான் இருக்கு. கொஞ்சம் ஒயின் ஊற்றிச் சுரண்டினால் அது கரைந்து குழம்போடு சேர்ந்துவிடும். இதற்கு 'டீக்ளேசிங்' என்று பெயர். பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் மாட்டிறைச்சியை ரெட் ஒயினில் மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். அதுதான் 'பஃப் போர்கின்யோன்'. கோழியை அப்படிச் சமைத்தால் 'கோக் ஓ வான்'. இத்தாலியின் ரிசொட்டோவில், அரிசியை வறுத்த உடனே வொயிட் ஒயின் ஊற்றுவார்கள்.

எவ்வளவு மிஞ்சும்?

1992-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் 6 வகை உணவுகளைச் சமைத்து இதை அளந்து பார்த்தார்கள். உணவைப் பொறுத்து 4 முதல் 85 சதவீதம் வரை ஆல்கஹால் மிஞ்சியிருந்தது. அமெரிக்க வேளாண் துறை பயன்படுத்தும் கணக்கு இது:

- கொதிக்கும் குழம்பில் ஊற்றி உடனே இறக்கினால்: 85 சதவீதம்
- தீ மூட்டி எரித்தால்: 75 சதவீதம்
- 15 நிமிடம் கொதித்தால்: 40 சதவீதம்
- 30 நிமிடம்: 35 சதவீதம்
- 1 மணி நேரம்: 25 சதவீதம்
- 2 மணி நேரம்: 10 சதவீதம்
- இரண்டரை மணி நேரம்: 5 சதவீதம்

கவனிச்சீங்களா? டிவியில் பார்க்கும் அந்தப் பெரிய தீ, கால்வாசி ஆல்கஹாலைத்தான் எரிக்கிறது.

ஏன் இப்படி?

ஆல்கஹால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், தண்ணீர் 100 டிகிரியில். அதனால் ஆல்கஹால் முதலில் மொத்தமாகப் போய்விடும் என்று நினைக்கிறோம். ஆனா இரண்டும் கலந்துவிட்டால் தனித்தனியாகப் பிரியாது, சேர்ந்தேதான் ஆவியாகும். ஆல்கஹால் குறையக் குறைய, மீதி வெளியேறுவதும் மெதுவாகும். பாத்திரமும் முக்கியம். அகலமான கடாயில் சீக்கிரம் போகும், குறுகலான பாத்திரத்தில் அதிகம் தங்கும்.

ஒரு தட்டுக்கு எவ்வளவு?

ஒரு சின்ன கணக்கு. 13 சதவீத ஆல்கஹால் உள்ள 750 மி.லி. ஒயின் பாட்டிலை முழுசா ஊற்றி, கறியை இரண்டரை மணி நேரம் வேகவைத்தால் மிஞ்சுவது சுமார் 5 மி.லி. ஆல்கஹால். 6 பேர் சாப்பிட்டால், தட்டுக்கு 1 மி.லி.-க்கும் குறைவு.

அதே ஒயினில் 150 மி.லி. மட்டும் ஊற்றி 15 நிமிடத்தில் சாஸ் செய்தால் சுமார் 8 மி.லி. மிஞ்சும். 4 பேருக்குப் பிரித்தால் தட்டுக்கு 2 மி.லி. அதாவது, ஊற்றிய ஒயின் குறைவு, தட்டுக்கு வந்த ஆல்கஹால் அதிகம்!

இது போதை தரும் அளவு இல்லை. ஆனா 'துளியும் வேண்டாம்' என்பவர்களுக்கு இது பூஜ்ஜியமும் இல்லை. குறிப்பாக, குடிப்பழக்கத்தை நிறுத்த டைசல்ஃபிராம் மாத்திரை எடுப்பவர்களுக்கு, உணவில் உள்ள சிறிதளவு ஆல்கஹால்கூட வாந்தி, படபடப்பை உண்டாக்கலாம்.

டிராமிசு போன்ற இனிப்புகளிலும் கவனம் தேவை. அதில் சிலர் மார்சாலா ஒயினோ ரம்மோ சேர்ப்பார்கள். சேர்த்த பிறகு அடுப்பில் வைக்கும் வேலையே கிடையாது.

சமைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

- இனிப்பில்லாத ஒயின்தான் பெரும்பாலான குழம்புகளுக்குச் சரி. 'குக்கிங் ஒயின்' என்று விற்பதில் பெரும்பாலும் உப்பு இருக்கும், அதற்கேற்ப உப்பைக் குறைக்கணும்.
- வெறும் அலுமினியப் பாத்திரம் வேண்டாம். புளிப்பு பட்டு உலோக வாடை வரும். எவர்சில்வர் நல்லது.
- கிரீம் சேர்ப்பதாக இருந்தால், முதலில் ஒயினைச் சுண்டவிட்டு பிறகு சேர்க்கணும். இல்லாவிட்டால் திரியலாம்.
- ஒயினைக் கடைசியில் ஊற்றி இறக்கினால் பச்சை வாடை அடிக்கும்.

எந்த உணவுக்கு எந்த ஒயின்?

ஐரோப்பிய வீடுகளில் பொதுவான வழக்கம், எந்த வகை ஒயினில் சமைத்தார்களோ அதே வகையைச் சாப்பாட்டோடும் வைப்பது. அதற்குப் பின்னால் இருக்கும் காரணங்கள் எளிமையானவை.

ஆட்டுக்கறி, மாட்டுக்கறி: ரெட் ஒயினில் 'டேனின்' என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. கறியின் புரதமும் கொழுப்பும் அந்தத் துவர்ப்பைத் தணிக்கும்.

மீன்: வொயிட் ஒயின்தான் பழக்கம். ரெட் ஒயினில் உள்ள இரும்புச்சத்து மீன் வாடையைத் தூக்கிக் காட்டுவதாக 2009-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

காரம்: மிளகாய்க் காரத்தோடு ஆல்கஹால் அதிகமுள்ள ரெட் ஒயின் சேர்ந்தால் எரிச்சல் கூடும். அதனால்தான் காரமான உணவுக்கு, ஆல்கஹால் குறைவான, லேசாக இனிக்கும் ஜெர்மனி ரீஸ்லிங்கைச் சொல்வார்கள்.

இனிப்பு: ஒயின், பலகாரத்தைவிட இனிப்பாக இருக்கணும். இல்லாவிட்டால் வெறும் புளிப்புதான் தெரியும்.

ஒயின் இல்லாமல் செய்ய முடியுமா?

தாராளமா. வொயிட் ஒயினுக்குப் பதில் காய்கறி அல்லது சிக்கன் வேகவைத்த தண்ணீரில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்க்கலாம். ரெட் ஒயினுக்குப் பதில் அதே தண்ணீரில் சிறிது திராட்சைச் சாறும் ஒரு ஸ்பூன் வினிகரும் போதும். 'ஆல்கஹால் நீக்கிய ஒயின்' வாங்கினால் லேபிளைப் பாருங்க, அதிலும் 0.5 சதவீதம் வரை இருக்கலாம்.

ஹோட்டலில் என்ன கேட்கணும்?

"ஆல்கஹால் இருக்கா?" என்று கேட்டால், "சமைச்சதும் போயிடும்" என்ற பதில்தான் வரும். அதற்குப் பதில், "இதில் ஒயின் சேர்த்திருக்கீங்களா? சேர்த்த பிறகு எவ்வளவு நேரம் வெந்தது?" என்று கேளுங்க. துளியும் கூடாது என்பவர்கள், சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தாலே வேறு உணவைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு.

(ஆரோக்கியத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என 2023-ல் உலக சுகாதார அமைப்பு தெரிவித்துள்ளது. மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு.)