கூலா இருக்கிறவங்கதான் ஜெயிக்கிறாங்களா? விளையாட்டில் மூடும் பெர்சனாலிட்டியும்: தரவுகள் சொல்வது என்ன?

டோக்கியோ ஒலிம்பிக், ஜூலை 2021. பெண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே 19 வயது மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகிறது. அதைச் சரிசெய்வதிலேயே பல நிமிடங்கள் கரைந்துவிட, 12வது இடத்தில் முடித்து வெளியேறுகிறார். 3 வருடம் கழித்து பாரிஸில் அதே பிரிவில் வெண்கலம். இரண்டே நாளில் சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணிப் பிரிவில் இன்னொரு வெண்கலம்.

தோற்றால் 'பிரஷர் தாங்கல, மென்டலா வீக்' என்கிறோம். ஜெயித்தால் அதே ஆளுக்கு 'இரும்பு மனசு'. மனு பாக்கரின் குணமே 3 வருடத்தில் தலைகீழாக மாறிவிட்டதா என்ன? இடையில் அவர் ஜஸ்பால் ராணாவிடம் மீண்டும் பயிற்சிக்குத் திரும்பினார். பாரிஸில் பிஸ்டலும் மக்கர் பண்ணவில்லை. ஆனால், ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற பெர்சனாலிட்டியைத் தேடிப்பிடிப்பது நமக்குப் பழகிப்போய்விட்டது.

இதில் இரண்டு விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். பெர்சனாலிட்டி என்பது வருடக்கணக்கில் பெரிதாக மாறாத உங்கள் இயல்பு. மூட் என்பது இந்த வாரம் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பது. விளையாட்டு உளவியலில் இரண்டுக்கும் தனித்தனி வரலாறு உண்டு.

பெர்சனாலிட்டி கதை சீக்கிரமே சுருதி இறங்கிப்போன ஒன்று. 1960களில் அமெரிக்காவின் சான் ஹோசேயில் புரூஸ் ஓகில்வி, தாமஸ் டட்கோ என்ற இரு உளவியலாளர்கள் விளையாட்டு வீரர்களுக்கென்றே ஒரு பெர்சனாலிட்டி டெஸ்ட்டை உருவாக்கினார்கள். அணிகள் அதை ஆர்வமாக வாங்கின. கேள்வித்தாளைக் கொடுத்தே சாம்பியனைக் கண்டுபிடிக்கலாம் என்றால் எந்த அணி நிர்வாகத்துக்குத்தான் கசக்கும்? ஆனால், அதை வைத்து யார் ஜெயிப்பார் என்று கணிக்க முடியும் என்பதற்குப் பிற ஆய்வாளர்களுக்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை.

நம்ம ஊர் உதாரணமே போதும். தோனி, கோலி இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். ஒருவர் 2011 உலகக் கோப்பை ஃபைனலில் 91 நாட் அவுட்; வின்னிங் சிக்ஸ் அடித்துவிட்டும் முகத்தில் பெரிதாக எதையும் காட்டவில்லை. இன்னொருவர் ஃபீல்டர் பந்தைத் தடுத்தாலே கத்துவார். ஒருநாள் போட்டிகளில் அதிக சதம் அடித்தவரும் அவர்தான். இதில் எது 'சரியான' பெர்சனாலிட்டி?

மூட் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. 1971இல் 'ப்ரொஃபைல் ஆஃப் மூட் ஸ்டேட்ஸ்', சுருக்கமாக போம்ஸ், என்ற 65 சொற்கள் கொண்ட கேள்வித்தாள் வந்தது. பதற்றம், மனச்சோர்வு, கோபம், உற்சாகம், களைப்பு, குழப்பம் என்று 6 மூட்களை அது அளக்கும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வில்லியம் மோர்கன் இதை முன்னணி வீரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். உற்சாகம் மட்டும் பொதுச் சராசரிக்கு மேலே எட்டிப் பார்த்தது. மற்ற ஐந்தும் கீழே. கிராஃபாகப் போட்டால் தண்ணீருக்கு மேல் முனை மட்டும் தெரியும் பனிப்பாறை. 'ஐஸ்பெர்க் ப்ரொஃபைல்' என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அழகான கிராஃப். அழகான கிராஃப்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது என் தொழில் வியாதி.

1995இல் 33 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஜெயிப்பவர்களின் கிராஃபுக்கும் அவ்வளவாக ஜெயிக்காதவர்களின் கிராஃபுக்கும் வித்தியாசம் இருந்தது. ஆனால் எவ்வளவு? வீரர்களின் வெற்றியில் தெரியும் ஏற்ற இறக்கத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவானதைத்தான் அது விளக்கியது. 100 ரூபாய் கணக்கில் 1 ரூபாய்கூடத் தேறவில்லை. மிச்சம் 99 சொச்சம் பயிற்சி, உடல்வாகு, எதிராளி, அன்றைய காற்று, பழுதாகும் பிஸ்டல் என்று எங்கெங்கோ இருக்கிறது.

அப்போ மோர்கன் பார்த்த பனிப்பாறை பொய்யா? இல்லை. அவர் ஒப்பிட்ட அந்தப் பொதுச் சராசரி, அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுடையது. தொடர்ந்து விளையாடுகிறவர்களின் மூட் பொதுவாகவே அவர்களைவிடத் தெம்பாக இருக்கிறது, ஜெயித்தாலும் தோற்றாலும். அதாவது அந்த கிராஃப் பெரும்பாலும் 'இவர் ஒரு விளையாட்டு வீரர்' என்பதைத்தான் சொல்கிறது. 'இவர் ஜெயிப்பார்' என்பதை இல்லை.

கோபம் கெடுதலா என்ற கேள்விக்கும் ஒற்றைப் பதில் கிடையாது. ஆண்ட்ரூ லேன், பீட்டர் டெர்ரி இருவரும் 2000இல் ஒரு விளக்கம் வைத்தார்கள். மனசு சோர்ந்து கிடக்கும்போது வரும் கோபமும் பதற்றமும் ஆட்டத்தைக் கெடுக்கும். சோர்வு இல்லாதபோது அதே கோபம் எரிபொருளாகலாம். யூரி ஹானின் அதற்கும் முன்பே சொன்னது, நன்றாக ஆடுவதற்கான உணர்ச்சி அளவு ஆளுக்கு ஆள் வேறு என்பது. ஒருவருக்கு லேசான படபடப்பு இல்லையென்றால் ஆட்டமே வராது. இன்னொருவருக்கு அதே படபடப்பில் கை நடுங்கும்.

இவ்வளவு படித்துவிட்டு மூடை அளப்பதே வேஸ்ட் என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். மோர்கனின் குழு 10 வருடம் நீச்சல் வீரர்களைப் பின்தொடர்ந்தபோது கிடைத்தது, ஐஸ்பெர்க்கைவிடப் பயனுள்ள விஷயம் என்பேன். பயிற்சித் தூரம் ஏற ஏற மூட் படிப்படியாகக் கெட்டது. பயிற்சியைக் குறைத்ததும் பழைய நிலைக்குத் திரும்பியது. ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடும்போது ஒன்றும் தேறாத அதே கேள்வித்தாள், ஒருவரைப் போன மாதத்து அவரோடு ஒப்பிடும்போது ஓவர் ட்ரெயினிங்கைக் காட்டிக்கொடுத்தது.

கையில் ஸ்மார்ட்வாட்ச் கட்டிக்கொண்டு ஹாஃப் மாரத்தானுக்கு ஓடிக்கொண்டிருக்கிறீர்களா? இது உங்களுக்குத்தான். வீரர்கள் தாங்களே சொல்லும் மூட், களைப்பு போன்றவற்றை இதயத்துடிப்பு, ரத்தப் பரிசோதனை மாதிரியான அளவீடுகளோடு ஒப்பிட்ட 56 ஆய்வுகளை 2016இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழ் தொகுத்து வெளியிட்டது. பயிற்சிச் சுமையின் மாற்றத்தைக் கூடுதல் நுட்பமாகவும் சீராகவும் பிடித்தது வீரர்களின் சொந்த வார்த்தைதான்.

ஒரே ஒரு பிரச்னை. அந்த வார்த்தை உண்மையாக இருக்க வேண்டும். 'இந்த ஃபார்மைப் பார்த்துத்தான் டீம் செலக்‌ஷன்' என்று தெரிந்தால் எந்த வீரர் 'எனக்கு ரொம்ப டல்லா இருக்கு சார்' என்று எழுதுவார்? ஆபீஸ் அப்ரைசலுக்கு முந்தின வாரம் வரும் 'எம்ப்ளாயீ ஹேப்பினெஸ் சர்வே'க்கு நீங்கள் எப்படி டிக் அடித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். தேர்வுக்கு என்று ஆனதும் அந்தக் கேள்வித்தாளின் ஒரே பயனும் போய்விடுகிறது. உங்கள் பிள்ளையைச் சேர்க்கப் போகும் அகாடமியில் 'பெர்சனாலிட்டி டெஸ்ட் எடுப்போம்' என்றால், ரிசல்ட்டை வைத்து என்ன செய்வீர்கள், யார் பார்ப்பார்கள் என்ற இரண்டு கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

நீங்களே செய்து பார்க்க, போன் நோட்ஸ் போதும். உற்சாகம், களைப்பு, எரிச்சல், சோர்வு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை ஒரு எண். காலையில், ஓடக் கிளம்புவதற்கு முன்பே எழுதுங்கள். முடித்துவிட்டு எழுதினால் அன்றைய டைமிங் அந்த எண்ணைப் பாதித்துவிடும். முதல் 3 வாரம் எதையும் முடிவு செய்யாதீர்கள், அது உங்கள் சராசரி தெரிவதற்கு. அதன் பிறகு களைப்பும் எரிச்சலும் தொடர்ந்து ஏறி, உற்சாகம் இறங்கிக்கொண்டே வந்தால் கிலோமீட்டரைக் குறையுங்கள். ஓய்வெடுத்தும் 2 வாரத்துக்கு மேல் மனசு தூக்கவே இல்லையென்றால் அது பயிற்சி சம்பந்தப்பட்டதாக மட்டும் இருக்காது. மருத்துவரைப் பாருங்கள், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலும் பேசலாம்.