பசியே இல்லை, ஆனாலும் கை டப்பாவைத் தேடுதா? ‘எமோஷனல் ஈட்டிங்’ எடையைக் கூட்டுவது எப்படி, நிறுத்துவது எப்படி?

இரவு 10 மணி. சாப்பிட்டு ஒரு மணி நேரம்தான் ஆகிறது. ஆபீஸில் மேனேஜர் எல்லார் முன்னாடியும் சொன்ன வார்த்தை இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. போனைப் பார்த்தபடியே கிச்சனுக்குப் போகிறீர்கள். மிக்சர் டப்பாவைத் திறக்கிறீர்கள். ரெண்டு பிடி என்று ஆரம்பித்தது, டப்பாவின் அடியில் இருக்கும் தூளைத் தட்டிப் போட்டுக்கொள்ளும்போதுதான் நிற்கிறது.

வயிறு கேட்கவில்லை. மனசுதான் கேட்டது.

மறுநாள் காலை எடை மெஷினில் ஏறி நின்றதும், “எனக்கு வாயைக் கட்டத் தெரியல” என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். இன்னைக்கு முழுக்கப் பட்டினி என்று சபதம் போடுகிறோம். சாயங்காலம் ஆனால் மறுபடியும் அதே டப்பா.

இந்தச் சுழலில் சிக்கி, டயட் மேல் டயட் மாற்றியும் எடை குறையாமல் தவிப்பவர்கள் நிறைய பேர். ஏன் இப்படி நடக்கிறது? இதிலிருந்து வெளியே வர என்ன வழி? விரிவாகப் பார்க்கலாம்.

எமோஷனல் ஈட்டிங் என்றால் என்ன?

கோபம், கவலை, தனிமை, சலிப்பு, களைப்பு போன்ற உணர்வுகளைச் சமாளிக்க உணவைத் தேடுவதுதான் எமோஷனல் ஈட்டிங். தமிழில் ‘உணர்வுசார் உண்ணல்’ என்று சொல்லலாம்.

இது இன்று நேற்று கண்டுபிடித்த விஷயம் இல்லை. ஒருவரின் சாப்பாட்டுப் பழக்கத்தை அளப்பதற்காக 1986-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். அதில் மூன்று வகைகள் பிரிக்கப்பட்டன. உணர்வு தூண்டிச் சாப்பிடுவது முதல் வகை. பார்த்ததும், வாசனை வந்ததும் சாப்பிடுவது இரண்டாவது. எடைக்குப் பயந்து சாப்பாட்டைக் கட்டுப்படுத்திக்கொண்டே இருப்பது மூன்றாவது. ஒரே ஆளிடம் இந்த மூன்றும் கலந்து இருக்கலாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சந்தோஷத்தில் பாயசம் குடிப்பதும், மழை நாளில் பஜ்ஜி சாப்பிடுவதும் வியாதி இல்லை. மனசு சரியில்லாத ஒவ்வொரு முறையும் உணவு ஒன்றுதான் மருந்து என்று ஆகும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது.

வயிற்றுப் பசியா, மனப் பசியா? கண்டுபிடிப்பது எப்படி?

வயிற்றுப் பசி மெதுவாக வரும். கடைசியாகச் சாப்பிட்டு மூன்று, நான்கு மணி நேரம் ஆகியிருக்கும். இட்லி, சோறு, சப்பாத்தி என எது கிடைத்தாலும் சாப்பிடத் தோன்றும். வயிறு நிறைந்ததும் போதும் என்று இருக்கும்.

மனப் பசி திடீரென்று வரும். குறிப்பிட்ட ஒன்றைத்தான் கேட்கும். சாக்லேட்தான் வேணும், பரோட்டாதான் வேணும் என்று அடம் பிடிக்கும். வயிறு நிறைந்தாலும் கை நிற்காது. சாப்பிட்டு முடித்ததும் திருப்தி வராது, குற்ற உணர்ச்சிதான் வரும்.

சந்தேகம் வந்தால் சுலபமான டெஸ்ட் ஒன்று இருக்கிறது. “இப்போ ஒரு கிண்ணம் தயிர் சாதம் கொடுத்தா சாப்பிடுவேனா?” என்று உங்களையே கேளுங்கள். சாப்பிடுவேன் என்றால் பெரும்பாலும் அது நிஜப் பசி. தாராளமாகச் சாப்பிடுங்கள். “தயிர் சாதம் வேணாம், சிப்ஸ்தான் வேணும்” என்று பதில் வந்தால், கேட்பது வயிறாக இருக்க வாய்ப்பு குறைவு.

டென்ஷன் ஆனால் ஏன் ஸ்வீட்டும் எண்ணெய்ப் பலகாரமும் கேட்கிறது?

திடீர் அதிர்ச்சியின்போது அட்ரினலின் சுரந்து பசி அடங்கிப்போகும். நாய் துரத்தும்போது யாருக்கும் பசிக்காது. ஆனால் கடன், வேலை அழுத்தம், குடும்பத்தில் சண்டை என டென்ஷன் நாள் கணக்கில் நீடித்தால் கதை வேறு. அப்போது கார்டிசால் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது. அது பசியைத் தூண்டும். குறிப்பாகச் சர்க்கரையும் கொழுப்பும் கலந்த உணவின் மேல் ஆசையைக் கூட்டும்.

அந்த உணவைச் சாப்பிட்டதும் மூளையில் டோபமைன் சுரக்கிறது. சில நிமிடங்களுக்கு இதமாக இருக்கும். “கவலை வந்தால் இதைச் சாப்பிடு” என்று மூளை ஒரு பாடம் படித்துக்கொள்கிறது. பலருக்கு இந்தப் பாடம் குழந்தையிலேயே ஆரம்பித்துவிடுகிறது. அழுதால் பிஸ்கெட், அடம் பிடித்தால் சாக்லேட், மார்க் வாங்கினால் ஐஸ்க்ரீம் என்றுதானே வளர்ந்தோம்?

தூக்கமும் இதில் சேர்ந்துகொள்கிறது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் தலா 4 மணி நேரம் மட்டும் படுக்கையில் இருக்க அனுமதித்தார்கள். 10 மணி நேரம் படுத்த நாட்களோடு ஒப்பிட்டபோது, ‘போதும்’ என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் 18 சதவீதம் குறைந்திருந்தது. பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது. ராத்திரி போனோடு முழித்திருந்தால் மறுநாள் ஏன் கண்டதையும் தின்னத் தோன்றுகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாப்பிட்டால் மனசு நிஜமாகவே சரியாகிறதா?

முக்கியமான கேள்வி இதுதான். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். மனதைச் சங்கடப்படுத்தும் சினிமாக் காட்சிகளைப் பலருக்குப் போட்டுக் காட்டினார்கள். பிறகு சிலருக்கு, மனசு சரியில்லாதபோது அவர்கள் தேடும் உணவையே கொடுத்தார்கள். சிலருக்கு வேறு உணவு. சிலருக்கு எதுவுமே கொடுக்கவில்லை.

முடிவு என்ன தெரியுமா? எல்லாருடைய மனநிலையும் சில நிமிடங்களில் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறிவிட்டது. எதுவும் சாப்பிடாதவர்களும் அதே அளவுக்குத் தேறியிருந்தார்கள்.

அதாவது, அன்றாடம் வந்துபோகும் கோபமும் சங்கடமும் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். அந்த நேரத்தில் கையில் மிக்சர் இருந்தால், பேர் மட்டும் மிக்சருக்குப் போய்விடுகிறது. இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டயட் இருந்தும் ஏன் தோற்றுப்போகிறோம்?

“நாளையிலிருந்து அரிசி கிடையாது, இனிப்பு கிடையாது, ராத்திரி சாப்பாடு கிடையாது.” இப்படிக் கறாராகத் தொடங்கும் டயட்டே சில நேரம் பிரச்சினையைப் பெரிதாக்குகிறது.

1975-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், கல்லூரி மாணவிகளுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்க்ரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுபவர்கள் மில்க் ஷேக் குடித்திருந்ததால் ஐஸ்க்ரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். எப்போதும் டயட் நினைப்பிலேயே இருந்தவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். “எப்படியும் இன்னைக்கு டயட் கெட்டுப்போச்சு, இனிமே என்ன?” என்ற மனநிலைதான் காரணம் என்று விளக்கினார்கள். முழம் போன பிறகு சாண் போனால் என்ன என்கிற அதே கணக்கு.

இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில், 1944-45-ல், அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான ஆண்களுக்கு ஆறு மாதம் உணவைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தார். அவர்கள் நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே பேசத் தொடங்கினார்கள். சமையல் புத்தகங்களைப் படித்தார்கள். வயிற்றைக் காயப்போட்டால் மனசு முழுக்க உணவு வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதை அந்த ஆய்வு காட்டியது.

அதனால் முதல் நாள் மிக்சருக்குத் தண்டனையாக மறுநாள் பட்டினி கிடந்தால், அடுத்த டப்பாவுக்கு நாமே நாள் குறிக்கிறோம் என்று அர்த்தம்.

எடையில் இது எவ்வளவு சேர்க்கும்?

100 கிராம் மிக்சரில் சுமார் 500 கலோரி இருக்கும். கிட்டத்தட்ட 400 கிராம் சோற்றுக்குச் சமம். பசிக்கு ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டால் அடுத்த வேளை பசி குறையும். பசியில்லாமல் சாப்பிடும் மிக்சருக்காக யாரும் அடுத்த வேளையைக் குறைப்பதில்லை. அது மூன்று வேளைக்கு மேலே நாலாவது வேளையாகச் சேர்கிறது.

2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 40 சதவீதம் பேரும், ஆண்களில் சுமார் 37 சதவீதம் பேரும் அதிக எடை அல்லது உடல்பருமனோடு இருக்கிறார்கள். நாடு முழுவதும் பார்த்தால் பெண்களில் இது சுமார் 24 சதவீதம்தான். இதற்கெல்லாம் எமோஷனல் ஈட்டிங் மட்டுமே காரணம் இல்லை. உட்கார்ந்தே பார்க்கும் வேலை, மாவுச்சத்து மிகுந்த சாப்பாடு, பரம்பரை என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் அரிசியைக் குறைத்தும், நடந்தும் பலன் இல்லை என்பவர்கள் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டிய இடம் இது.

இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வயிற்றுப் பகுதியில் சேரும் கொழுப்பு சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடும்.

சரி, என்னதான் செய்வது?

1. உணர்வுக்குப் பேர் வையுங்கள்: டப்பாவைத் திறக்கும் முன் ஒரு வரி சொல்லுங்கள். “நான் இப்போ கோபமா இருக்கேன்”, “போரடிக்குது”, “அசதியா இருக்கு”. அவ்வளவுதான். எது என்று தெரிந்தால்தான் அதற்கு என்ன வேண்டும் என்று தெரியும்.

2. வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அப்புறம் என்று சொல்லுங்கள்: ஆசை என்பது கடல் அலை மாதிரி. ஏறும், உச்சிக்குப் போகும், தானாக இறங்கும். போதைப் பழக்க சிகிச்சையில் உளவியல் நிபுணர் ஆலன் மார்லட் பிரபலப்படுத்திய முறை இது. அலையோடு சண்டை போட வேண்டாம், இறங்கும் வரை கவனித்தால் போதும். 15 நிமிடம் தள்ளிப்போடுங்கள்.

3. அந்த 15 நிமிடம் நடங்கள்: பிரிட்டனின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், 15 நிமிடம் வேகமாக நடந்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தவர்கள், நடக்காதவர்களைவிடப் பாதியளவு சாக்லேட்தான் சாப்பிட்டார்கள். மொட்டை மாடி போதும், தெருமுனை போதும். தனிமை என்றால் யாருக்காவது போன் செய்யுங்கள். அசதி என்றால் உடம்பு கேட்பது தூக்கம், பலகாரம் இல்லை.

4. அப்புறமும் வேணும்னா சாப்பிடுங்கள்: டப்பாவோடு வேண்டாம். சின்னக் கிண்ணத்தில் போட்டு, டப்பாவை மூடி வைத்துவிட்டு, டிவி, போன் இல்லாமல் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாப்பிட்டதற்காக உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். குற்ற உணர்ச்சியும் ஓர் உணர்வுதான். அதுவே அடுத்த முறை டப்பாவைத் திறக்க வைக்கும்.

5. வேளை தவறாதீர்கள்: காலை டிபனைத் தவிர்த்து, மதியம் அரைகுறையாகச் சாப்பிட்டால், மாலையில் பசியும் டென்ஷனும் சேர்ந்து வரும். முட்டை, சுண்டல், பருப்பு, மீன் மாதிரி புரதம் ஒவ்வொரு வேளையிலும் இருக்கட்டும்.

6. டப்பாவின் இடத்தை மாற்றுங்கள்: கண்ணுக்கு எதிரே இருப்பதுதான் கைக்கு வரும். பலகாரம் மேல் அலமாரிக்குப் போகட்டும். பழம் டைனிங் டேபிளுக்கு வரட்டும். உணவு டெலிவரி ஆப்பின் நோட்டிபிகேஷனை அணைத்து வையுங்கள்.

7. ஒரு வாரம் குறித்து வையுங்கள்: எத்தனை மணி, என்ன சாப்பிட்டேன், அதற்கு முன் என்ன நடந்தது. மூன்றே விவரம். கலோரிக் கணக்கு வேண்டாம். ஒரே வாரத்தில் உங்கள் ஆபத்தான நேரம் எது என்று தெரிந்துவிடும். சிலருக்கு அது ஆபீஸ் முடிந்து வந்த நேரம். வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, தனக்கென்று நேரமே இல்லாத அம்மாக்களுக்கு அது மாலை 4 மணியாக இருக்கலாம்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

“இப்பதானே சாப்பிட்ட?”, “குண்டாயிட்டே போற” மாதிரி வார்த்தைகளை நிறுத்துங்கள். அவமானத்தில்தான் பலர் ஒளிந்து சாப்பிடத் தொடங்குகிறார்கள். அதற்குப் பதிலாக, “இன்னைக்கு என்னாச்சு?” என்று கேட்டுப் பாருங்கள். அழும் குழந்தைக்கு பிஸ்கெட்டை நீட்டும் முன், தூக்கி வைத்து ஏன் அழுகிறது என்று கேளுங்கள்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

குறுகிய நேரத்தில் மிக அதிகமாகச் சாப்பிடுவது, நிறுத்த நினைத்தாலும் முடியாமல் போவது, இது வாரம் ஒருமுறையாவது மூன்று மாதம் தொடர்வது ஆகியவை ‘பின்ஜ் ஈட்டிங்’ என்ற நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். 2013 முதல் இது தனி மனநலப் பாதிப்பாகவே வகைப்படுத்தப்பட்டுள்ளது. இதற்குப் பேச்சு சிகிச்சை, தேவைப்பட்டால் மருந்து என நல்ல சிகிச்சைகள் உண்டு. சாப்பிட்டதை வாந்தி எடுத்து வெளியேற்றும் பழக்கம் இருந்தால் தாமதிக்கவே கூடாது.

ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் ஆகியவையும் பசியைக் கூட்டலாம். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

மனசு தொடர்ந்து பாரமாக இருந்தால், அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416-ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

இன்று இரவு 10 மணிக்கு மறுபடியும் கை டப்பாவுக்குப் போகலாம். போனால் போகட்டும். திறப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: “கேட்கிறது வயிறா, மனசா?” வயிறு என்றால் தட்டு எடுத்துச் சாப்பிடுங்கள். மனசு என்றால், அதற்கு வேண்டியது வேறு என்னவோ. அது என்ன என்று 15 நிமிடம் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

(இது பொதுவான தகவலுக்கான கட்டுரை. சர்க்கரை நோய், தைராய்டு, பிசிஓஎஸ் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் உணவுமுறையை மாற்றும் முன் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவது அவசியம்.)