ஏழை உழவரின் கணக்கை ஏற்ற பொருளியலறிஞர்

ரப்பர்க் கன்றை நட்டவர் அதிலிருந்து பால் எடுக்க ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அன்றாட உணவுக்கே திண்டாடும் ஏழை உழவர் இவ்வளவு காலம் பொறுத்திருப்பாரா? நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பொறுத்திருக்க மாட்டார் என்றே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பொருளியலறிஞர் பலர் கருதினர். வறுமையால் சேமிப்பு இல்லை. சேமிப்பு இல்லாததால் முதலீடு இல்லை. முதலீடு இல்லாததால் வறுமை நீங்குவதில்லை. இதனை வறுமையின் நச்சு வட்டம் என்றனர். இவ்வட்டத்தை உடைக்க அரசின் திட்டங்களும் வெளிநாட்டு உதவியும் தேவை என்றனர்.

இதனை மறுத்தவர் பீட்டர் பாவர். 1915-இல் புடாபெஸ்டில் பிறந்த இவர், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்றார். பின்னர் மலேயாவின் ரப்பர்த் தொழிலை ஆராய்ந்து, 1948-இல் நூல் வெளியிட்டார். அங்கே தமிழர் பலர் உழைத்த பெருந்தோட்டங்கள் இருந்தன. அவற்றுடன், மலாய்க்காரரும் சீனரும் தத்தம் சிறு நிலங்களில் தாமே நட்டு வளர்த்த ரப்பர் மரங்களும் இருந்தன. பொறுக்க மாட்டார் எனப்பட்ட உழவர்கள் பொறுத்திருந்தனர்!

மேற்கு ஆப்பிரிக்காவிலும் அவர் இதையே கண்டார். கோல்ட் கோஸ்ட், அதாவது இன்றைய கானா, 1890 வாக்கில் கொக்கோ ஏற்றுமதி செய்யவில்லை என்றே சொல்லலாம். 1936 வாக்கில் ஏற்றுமதி ஏறத்தாழ 3 லட்சம் டன். அதனை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்க உழவர்களே.

பின்னர் கொக்கோவை வாங்கும் தனியுரிமையை அரசு வாரியம் ஒன்று பெற்றது. உலக விலை விழும்போது உழவரைக் காப்பதே அதன் நோக்கம் என்றனர். நடந்தது என்ன? வாரியம் உலக விலையைவிட மிகக் குறைந்த விலையையே உழவருக்குத் தந்தது. மீதப் பணம் அரசின் கைக்குப் போயிற்று. இது மறைமுக வரியே என்று பாவர் 1954-இல் வெளியிட்ட நூலில் காட்டினார். விலை குறைந்தால் நடுவதும் குறையும் அல்லவா? 1960-களின் நடுவில் 5 லட்சம் டன்னைத் தாண்டிய கானாவின் விளைச்சல், 1983-84-இல் 2 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. வறட்சியும் காட்டுத் தீயும் காரணங்களில் சேரும். ஆயினும் குறைந்த விலையின் பங்கு பெரிது.

பாவரின் முடிவுகளை எல்லோரும் ஏற்றுவிடவில்லை. அரசு வழிநடத்திய தென்கொரியாவின் வளர்ச்சியைப் பலர் எடுத்துக்காட்டினர். சாலையும் சட்டமும் அரசின் கடமை என்பதைப் பாவரும் மறுத்ததில்லை.

அமெரிக்காவின் கேட்டோ நிறுவனம் 2002-இல் மில்ட்டன் ஃபிரீட்மன் பெயரால் 5 லட்சம் டாலர் பரிசை ஏற்படுத்தி, முதல் பரிசைப் பாவருக்கு அறிவித்தது. விழாவுக்கு ஒரு வாரமே இருந்த நிலையில், மே 2-ஆம் நாள் அவர் தமது 86-ஆம் வயதில் காலமானார்.

அவர் நமக்கு விட்டுச் சென்ற பாடம் எளியது: ஏழைகளுக்காகத் திட்டமிடுவோர், அவர்களுக்கும் கணக்குப் போடத் தெரியும் என்பதை முதலில் ஏற்க வேண்டும்.