நெய்வேலிக் கரிப் பாதையில் அளவீட்டுச் சுற்றுகள்: அளவுத்திருத்தமும் மறைபழுதும்

1. ஆய்வின் எல்லை

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். அந்த ஈரம் வற்றத் தொடங்கியதும் கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சித் தானே சூடேறும். கண்ணுக்குப் புகை தெரியும் முன்பே கார்பன் மோனாக்சைடு கசியும். சோவியத் உதவியோடு கட்டப்பட்ட முதல் அனல் மின் நிலையம் 1962-இல் இயங்கத் தொடங்கிய காலத்திலிருந்து இந்தக் கரியின் குணம் மாறவில்லை. அதைக் கண்காணிக்கும் கருவிகள்தான் மாறியிருக்கின்றன. முள் நகரும் மீட்டர் இருந்த இடத்தில் இன்று உணரி, டிரான்ஸ்மிட்டர், அதன் மின்னோட்டத்தை எண்ணாக மாற்றும் ஏ.டி.சி. சுற்று, கன்ட்ரோல் ரூம் திரை என்ற சங்கிலி நிற்கிறது.

தலா 210 மெகாவாட் கொண்ட ஏழு அலகுகளுடைய இரண்டாம் அனல் மின் நிலையத்தில், 2020 மே 7 அன்று 6-ஆம் அலகிலும் ஜூலை 1 அன்று 5-ஆம் அலகிலும் கொதிகலன் பகுதியில் விபத்து நேர்ந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அவற்றின் காரணத்தை ஆராய்வது இக்கட்டுரையின் வேலை அன்று. எடுத்துக்கொண்ட கேள்வி குறுகியது: முறையாக அளவுத்திருத்தம் செய்த ஒரு பாதுகாப்புக் கருவி, பழுதானபின்னும் நல்ல கருவிபோலவே நடிப்பது எப்படி?

2. சுற்றில் நேரும் பிழை

கார்பன் மோனாக்சைடு டிரான்ஸ்மிட்டர் ஒன்றின் வீச்சு 0 முதல் 300 பிபிஎம் என்று கொள்வோம். அது 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் தரும்; 250 ஓம் மின்தடையில் அது 1 முதல் 5 வோல்ட் ஆகும். 5 வோல்ட் வீச்சுள்ள 12 பிட் ஏ.டி.சி. இதை 4096 படிகளாகப் பிரிக்கும். ஒரு படி 1.22 மில்லிவோல்ட், வாயுக் கணக்கில் 0.1 பிபிஎம்-க்கும் குறைவு. ஒப்பு மின்னழுத்தம் டிகிரிக்கு பத்து லட்சத்தில் 50 பங்கு நழுவுகிறது, பெட்டிக்குள் வெப்பம் 20 டிகிரி ஏறுகிறது என்றாலும் பிழை முழு வீச்சில் 0.1 சதவீதம்தான். பூச்சியப் பிழை, பெருக்கப் பிழை ஆகிய இரண்டையும் இருபுள்ளி முறையில் திருத்திவிடலாம். இவற்றுக்காக யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை.

வடிவமைப்பில் ஒரு பொறி மட்டும் உண்டு. நாமூர் என்இ 43 வழக்கப்படி டிரான்ஸ்மிட்டர் தன் பழுதை 3.6 மில்லி ஆம்பியருக்குக் கீழே போயோ 21-க்கு மேலே போயோ அறிவிக்கும். 21 மில்லி ஆம்பியர் 250 ஓமில் 5.25 வோல்ட். மேற்சொன்ன ஏ.டி.சி. 5 வோல்ட்டிலேயே முட்டி நின்றுவிடும். உண்மையான உச்ச அளவையும் பழுது அறிவிப்பையும் அதனால் பிரித்தறிய முடியாது. மின்தடையை 200 ஓமாகக் குறைத்தால் சிக்கல் தீர்ந்தது.

3. பூச்சியம் காட்டும் பழுது

கம்பி அறுந்தால் மின்னோட்டம் பூச்சியம். 4-க்குக் கீழே என்பதால் உடனே தெரிந்துவிடும். பாதுகாப்பான திசையில் விழும் பழுது இது. மின்வேதி உணரி செத்தால் கதை வேறு. அதன் மின்முனையில் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனேற்றம் அடையும்போது பிறக்கும் மின்னோட்டம் பிபிஎம் ஒன்றுக்குச் சில பத்து நானோ ஆம்பியர். மே மாத அனலில் மின்பகுளி வற்றிப்போனாலும், வடிகட்டியைக் கரித்தூள் அப்பி வாயுவைத் தடுத்தாலும் அந்த மின்னோட்டம் பிறக்காது. மின்னணுப் பகுதி நலமாக இருப்பதால் டிரான்ஸ்மிட்டர் கண்ணியமாக 4.00 மில்லி ஆம்பியர் அனுப்பும். திரையில் '0 பிபிஎம்'. சுத்தமான காற்றுக்கும் அதே எண்.

வெப்ப இணைகளில் இதற்கு நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது. கே வகை இணை டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் தரும். இணை அறுந்தால் உள்ளீட்டில் செலுத்தப்படும் சிறு மின்னோட்டம் அளவை உச்சிக்குத் தள்ளி அலாரம் அடிக்க வைக்கும். கேபிள் ஜங்ஷன் பாக்ஸுக்குள் இரு கம்பிகளும் ஒட்டிக்கொண்டால் அப்படி நடக்காது. ஒட்டிய இடமே புதிய முனையாகிவிடும். பங்கருக்குள் கரி 90 டிகிரியில் கனன்றாலும் திரை பெட்டியின் வெப்பத்தையே, அதாவது 40 டிகிரியையே காட்டும். நெய்வேலிக் கோடையில் நல்ல பங்கர் காட்ட வேண்டிய எண்ணும் அதுதான். பணியிலிருப்பவருக்குச் சந்தேகம் எழ வழியில்லை.

மூன்று கருவிகளில் இரண்டு ஒத்துச் சொன்னால் டிரிப் என்ற வாக்கெடுப்பு முறையும் இங்கே முழுத் துணையாகாது. ஒரே நாளில் பொருத்திய மூன்று உணரிகளும் ஒரே வெயிலில், ஒரே தூசியில்தான் வற்றுகின்றன.

4. திருத்தம் பழுதை மூடும் விதம்

மின்னோட்ட மூலத்தை இணைத்து 4, 12, 20 செலுத்தி, திரை 0, 150, 300 காட்டினால் 'சரி' என்று எழுதுவது பல இடங்களில் வழக்கம். இது ஏ.டி.சி.-யைச் சோதிக்கிறதே தவிர உணரியைத் தொடவே இல்லை. சங்கிலியிலேயே உறுதியான கண்ணியைச் சோதித்துவிட்டு முழுச் சங்கிலிக்கும் சான்று ஒட்டுகிறோம்.

வாயு செலுத்தித் திருத்தும்போதும் ஒரு வஞ்சனை நடக்கிறது. 100 பிபிஎம் வாயுவுக்கு 82 காட்டிய உணரியின் பெருக்கத்தைக் கூட்டி 100 ஆக்கிவிடுகிறோம். அடுத்த முறை 79, மீண்டும் கூட்டுகிறோம். ஏட்டில் ஒவ்வொரு முறையும் '100, சரி' என்றே பதிவாகிறது. உணரி மெல்லச் செத்துக்கொண்டிருப்பதற்கான ஒரே சாட்சியம் அந்த 82, அந்த 79. அவற்றை எழுதாமல் திருத்துவது நோயாளியின் காய்ச்சலைப் பார்த்துவிட்டு, குறிக்காமல் வெப்பமானியை உதறுவதற்குச் சமம்.

திருத்திய முறையே தவறாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை சாட்சி. 2005 மார்ச் 23 அன்று அங்கே கோபுரத்தில் திரவம் ஏறத்தாழ 158 அடி உயர்ந்திருக்க, மட்டமானி 10 அடிக்கும் குறைவாக, அதுவும் இறங்கிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. அந்தத் திரவத்துக்குப் பொருந்தாத அடர்த்தி எண்ணை வைத்து அது திருத்தப்பட்டிருந்தது. தனியாக இருந்த உயர்மட்ட அலாரமும் ஒலிக்கவில்லை. 15 பேர் இறந்தனர்.

5. சோதனை இடைவெளி

மறைபழுது மணிக்கு பத்து லட்சத்தில் ஒன்று என்ற வீதத்தில் நேரும் கருவியை ஆண்டுக்கொரு முறை, அதாவது 8,760 மணிக்கொரு முறை, முழுமையாகச் சோதித்தால், தேவைப்படும் நேரத்தில் அது கைவிடும் சராசரி வாய்ப்பு 0.0044. ஐ.இ.சி. 61508 தரத்தின்படி இது பாதுகாப்பு நிலை 2. ஷட்டவுன் கிடைக்கவில்லை என்று மூன்றாண்டு தள்ளிப்போட்டால் 0.013, நிலை 1-க்கு இறங்கிவிடும். கருவி அதேதான், விலையும் அதேதான்.

6. முடிபு

பாதுகாப்புக் கருவியைப் பொறுத்தவரை அளவுத்திருத்தமும் பழுதறிதலும் இரு வேறு பணிகள். முன்னதன் சான்று பின்னதற்குச் செல்லாது. திருத்தும் முன் கண்ட அளவு, வாயு பட்டபின் 90 சதவீதம் எட்ட எடுத்த விநாடிகள் ஆகிய இரண்டுக்கும் ஏட்டில் தனிப் பத்தி வேண்டும். வடிகட்டி அடைத்துக்கொண்டு வருவதை அந்த விநாடிகள்தான் முதலில் சொல்லும். வெப்ப இணையை உணர்முனையில் சூடுகாட்டிச் சோதிக்க வேண்டும், பெட்டியில் மின்னழுத்தம் கொடுத்து அல்ல. இவற்றுக்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. இன்ஸ்ட்ருமென்ட் பிரிவுப் பொறியாளர்கள் அடுத்த ஷட்டவுனுக்கான வேலைப் பட்டியலில் இதைச் சேர்க்கலாம்.