யாருடைய ஜீப்? வெசல் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன வரலாறு

எங்கள் ஊரில் கொஞ்சம் உயரமாக நிற்கிற கார் எல்லாமே ஜீப்தான். பஜீரோவும் ஜீப், பிராடோவும் ஜீப், ஹொண்டா வெசலும் ஜீப். எஸ்.யூ.வி. என்ற சொல் விளம்பரத்தில் மட்டும்தான் இருக்கு. "அவங்கட மூத்தவன் ஜீப் எடுத்திட்டானாம்" என்று யாரும் சொன்னால் அது பெரும்பாலும் வெசலாகத்தான் இருக்கும். 2025 பெப்ரவரி 1ஆம் திகதி தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறக்கப்பட்ட பிறகு உப்புவெளியில் இந்தக் கதை இன்னும் கூடிவிட்டது. பழையதா புதுசா, ஹைபிரிட்டா எலக்ட்ரிக்கா என்று ஆலோசனை சொல்ல வீட்டுக்கு ஒரு நிபுணர் இருக்கிறார். நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். எஞ்சினை விட அந்த 'ஜீப்' என்ற சொல்லில்தான் எங்களுக்கு ஆர்வம். ஆனால் அந்தச் சொல்லின் வரலாறு தெரிந்தவர் வாகனத்தையும் கொஞ்சம் நிதானமாகத்தான் வாங்குவார் என்று நினைக்கிறோம்.

ஜீப் பிறந்ததே போருக்காக. 1941 தொடக்கம் 1945 வரை அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்ட் என்ற இரண்டு கம்பனிகளும் சேர்ந்து ஆறு இலட்சத்துக்கு மேல் செய்தன. அதே காலத்தில்தான் திருகோணமலை பிரித்தானியக் கடற்படையின் பெரிய தளமாக இருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டன. நிலாவெளி வீதியில் நாங்கள் தினமும் கடந்து போகிற யுத்த மயானம் அந்தக் காலத்தின் மிச்சம். பிரித்தானியர் 1957இல் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். 1948இல் வந்த லாண்ட் றோவர், தோட்டத்துரைக்கும் பொலிசுக்கும் அரசாங்க உத்தியோகத்தருக்கும் உரிய வண்டியாக நாட்டில் தங்கிவிட்டது. சனங்களுக்குக் கிடைத்தது மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40யும். அறுபது, எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்ததால் அந்தப் பழைய கார்களையே திருத்தித் திருத்தி ஓடினார்கள். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போகாமல் தடுக்கப்பட்டபோது அவற்றில் பல மண்ணெண்ணெயில் ஓடின. காபுரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற அந்த வித்தையை எந்தக் கம்பனியும் கைநூலில் எழுதி வைக்கவில்லை.

1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்தது, ஜப்பான் வாகனங்கள் குவிந்தன. 1982இல் மிட்சுபிஷி பஜீரோ வந்தது. கொஞ்சக் காலத்திலேயே இலங்கையில் பஜீரோ என்றால் அமைச்சர் என்று ஆகிவிட்டது. எங்கள் பக்கத்தில் அதற்கு இன்னொரு அர்த்தமும் இருந்தது. உயரமான வண்டி வருகிறது என்றால் படையினர் வருகிறார்கள். பவள் கவச வாகனம், பின்னால் ஜீப், சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். எங்களுக்கு முந்தின தலைமுறையிடம் கேட்டுப் பாருங்கள், வண்டியின் நிறத்தையும் சத்தத்தையும் வைத்தே யார் வருகிறார்கள் என்று சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வெள்ளை லாண்ட் குரூசர்கள் வந்தன. முன்னுக்கு நீள அன்டெனா, கதவில் தொண்டு நிறுவனத்தின் சின்னம். அதிலும் நாங்கள் ஏறவில்லை. ஏறினவரிடம் கையெழுத்து வாங்க வரிசையில் நின்றோம்.

இங்கே ஒரு முரண் இருக்கு. உயரமான வண்டி உண்மையிலேயே தேவைப்பட்ட காலத்தில் எங்கள் சனத்திடம் அது இல்லை. மூதூர்ப் பக்கம் போகப் பாதைப்படகுக்குக் காத்து நின்றார்கள், கிடங்கு றோட்டில் உழவு இயந்திரப் பெட்டியில் குலுங்கிக்கொண்டு போனார்கள், ஆஸ்பத்திரிக்கும் அப்படித்தான். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்தது. பிறகு பிரதான வீதிகள் ஒவ்வொன்றாகக் காபெட் போடப்பட்டன. றோட்டு வழுவழுப்பான பிறகுதான் ஜீப் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது!

அந்த ஜீப்பின் பெயர் வெசல். துறைமுக ஊரில் அந்தச் சத்தம் காதில் விழுந்தால் கப்பல்தான் ஞாபகம் வரும். ஆனால் ஹொண்டா சொல்கிற விளக்கம் வேறு. பட்டை தீட்டிய கல்லின் முகப்புக்கு ஆங்கிலத்தில் சொல்கிற 'பெசல்' என்ற சொல்லில், முதல் எழுத்தை வாகனத்தைக் குறிக்கிற எழுத்தாக மாற்றியிருக்கிறார்கள். 2013 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. பின்கதவுக் கைபிடியைக் கண்ணாடி ஓரத்தில் ஒளித்து வைத்து, கூரையைப் பின்னுக்குச் சரித்து, இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் மாதிரித் தோற்றம் கொடுத்தார்கள். அடியில் இருப்பது ஹொண்டா ஃபிட்டின் அடித்தளம். நாலு சக்கரமும் இழுக்கிற வகையும் உண்டு. ஆனால் இங்கே அதிகம் ஓடுவது முன்சக்கரம் மட்டும் இழுக்கிற வகைதான். அதாவது கடற்கரை மணலுக்குள் இறக்கினால் பக்கத்து வீட்டு ஃபிட் எப்படிப் புதையுமோ இதுவும் அப்படித்தான் புதையும்.

இதைக் கேலிக்குச் சொல்லவில்லை. வெசல் நல்ல கார்தான். பெற்றோல் தாங்கியை முன் இருக்கைகளுக்குக் கீழே வைத்ததால் பின்னுக்கு இடம் தாராளம். பின் இருக்கையின் அடிப்பலகையை நிமிர்த்திவிட்டால் சைக்கிளே ஏற்றலாம். 1.5 லீற்றர் எஞ்சினோடு மோட்டாரும் சேர்ந்து இழுக்கும்போது, ஓவர்டேக் பண்ண ஆசைப்படுகிறவருக்குச் சந்தோஷம்தான். பலவீனம் கியர்ப்பெட்டியில் இருக்கு. முதல் தலைமுறை ஹைபிரிட்டில் இருப்பது இரட்டைக் கிளச் உள்ள ஏழு கியர்ப்பெட்டி. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் கிளச் சூடாகும், இழுத்து இழுத்து ஓடும். 2014 ஒரே வருடத்தில் ஃபிட், வெசல் ஹைபிரிட்களை ஹொண்டா ஜப்பானில் பல தடவை திருப்பி அழைத்தது. கடைசியில் தலைவரும் மற்ற நிர்வாகிகளும் தங்கள் சம்பளத்தில் வெட்டு ஏற்றார்கள். 2021இல் வந்த இரண்டாம் தலைமுறையில் அந்தக் கியர்ப்பெட்டியையே ஹொண்டா கைவிட்டுவிட்டது.

சரி, இத்தனை கார் இருக்க இது ஏன் இலங்கையை நிறைத்தது? எங்கள் பதில்: வரி. எந்தக் கார் எங்கள் றோட்டுக்கு வரும் என்பதை றோட்டு தீர்மானிப்பதில்லை, சுங்கம்தான் தீர்மானிக்கும். சின்ன எஞ்சின், ஹைபிரிட், ஆனால் பார்க்க ஜீப். அந்த மூன்றும் ஒன்றாகக் கிடைத்தது வெசலில். இதற்குப் பக்கத்தில் பெர்மிட் என்று இன்னொரு பாதை ஓடியது. அரச உத்தியோகத்தர்களும் வைத்தியர்களும் அப்போது சலுகை வரியில் வாகனம் எடுக்க முடிந்தது. பி.எம்.டபிள்யூ எக்ஸ்1, ஆடி கியூ2 மாதிரியான சின்னச் சொகுசு ஜீப்கள் இங்கே தெரிய வந்ததில் அதற்கும் பங்குண்டு. பாராளுமன்ற உறுப்பினர்களின் பெர்மிட்டோ கோடிக்கணக்கில் கைமாறியது. அந்தக் காலத்தில் வந்த எக்ஸ்1 ஒன்று இப்போது மலிவாகக் கிடைக்குது என்று யாரும் சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: சென்சர் ஒன்று பழுதானால் எங்கே போவது? கொழும்புக்கு ஒரு வழி 260 கிலோமீற்றர்.

2020 மார்ச்சில் டொலரை மிச்சம் பிடிக்க இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதோடு கார் பற்றிய கணக்கே தலைகீழாகியது. உலகமெங்கும் கார் ஓட ஓட விலை குறையும். இங்கே 2014 வெசல் ஒன்று எட்டு வருடம் ஓடின பிறகு, வாங்கின விலையை விடக் கூட விலைக்குப் போனது. தங்கம் மாதிரி வாங்கி வைத்தார்கள். அதே 2022இல்தான் பெற்றோல் வரிசையும். சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாங்கள் இரவிரவாக வரிசையில் கிடந்தோம். யூலையில் கியூஆர் முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. ஹைபிரிட் வைத்திருந்தவர்கள் அப்போதுதான் உண்மையில் தலைநிமிர்ந்து நடந்தார்கள்.

இப்போது கதவு திறந்திருக்கு. ஆனால் வாசற்படி உயரம். 2025இல் திறந்தபோது இருந்த கணக்கு இது: இறக்குமதித் தீர்வை 20 சதவீதம், அதன்மேல் மேலதிக வரியும் சேர்ந்து 30. எஞ்சின் கனவளவைப் பார்த்துக் கலால் வரி. ஹைபிரிட்டின் பெறுமதி 55 இலட்சத்தைத் தாண்டினால் சொகுசு வரி. எல்லாவற்றுக்கும் மேலே 18 சதவீத வற். அதனால்தான் ஒரு லீற்றருக்கும் குறைந்த மூன்று சிலிண்டர் எஞ்சினோடு டொயோட்டா ரைஸ் இப்போது வெசலின் இடத்தைக் கேட்கிறது. மின்சாரக் காரிலும் இதே கதைதான். பி.வை.டி. காரின் மோட்டார் 100 கிலோவாட்டா 150 கிலோவாட்டா என்று சுங்கத்துக்கும் இறக்குமதியாளருக்கும் வந்த தகராறு நீதிமன்றம் வரை போனது. வலு கூடினால் வரியும் கூடும் அல்லவா?

ஆகவே ஒரு புது ஜீப்புக்குக் கொடுக்கிற காசில் பெரிய பங்கு காருக்குப் போகவில்லை. வரிக்கும், பார்க்கிறவர் கண்ணில் விழுகிற உயரத்துக்கும் போகிறது. அந்த உயரத்தின் மேல் ஆசை எங்களுக்கு விளங்குகிறது. ஓரமாக இறங்கி நின்ற அப்பாவின் மகள் ஒருநாள் அந்த உயரத்தில் இருந்து றோட்டைப் பார்க்க ஆசைப்படுவதில் என்ன பிழை? அவள் தன் சம்பளத்தில் எடுத்தால் கைதட்டுவோம். ஆனால் அந்த ஆசை சீதனப் பேச்சில் "மாப்பிள்ளைக்கு ஒரு வெசல்" என்று வந்து நிற்கும்போது எங்களால் சிரிக்க முடியாது. அம்மாவின் ஓய்வூதியப் பணிக்கொடை, கனடாவில் மாமா இரண்டு வேலை செய்து அனுப்பின காசு, மிச்சத்துக்கு ஐந்து வருட லீசிங். இவ்வளவும் காபெட் றோட்டில் வீட்டிலிருந்து ரவுணுக்குப் போய்வர. அந்த வேலைக்குப் பழைய ஃபிட் போதும். மிச்சக் காசில் தங்கச்சி படிப்பாள்.

இல்லை, வெசல்தான் என்று முடிவெடுத்தவர்களுக்கு மூன்று விசயம். ஜப்பான் ஏலத் தாளைக் கேளுங்கள், மீற்றரைப் பின்னுக்குத் திருப்புவது பெரிய வேலை இல்லை. கிளச்சைப் பார்க்க, கண்டி வீதியில் வேகமாக ஓட்டிக் காட்டச் சொல்லாமல், ரவுணுக்குள் சந்தை நேரத்தில் அரை மணித்தியாலம் ஊர்ந்து ஓட்டுங்கள். மூன்றாவது, எங்கள் ஊருக்கே உரியது. பெயரிலேயே உப்பு இருக்கு. கடற்கரைப் பக்கம் வருடக்கணக்காக நின்ற வண்டி என்றால் மேல் பெயின்ற் பளபளக்கும், அடித்தகடு தின்னப்பட்டிருக்கும். ஜாக்கி அடித்துத் தூக்கி, டோர்ச் பிடித்து அடியைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.