இராஜாஜியின் அமைதித் தூதுகள்

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி (1878–1972) ஆட்சிப் பொறுப்பில் இல்லாத காலங்களில் மூன்று பெரும் பூசல்களில் சமரசம் பேச முயன்றார். 1944இல் காங்கிரசுக்கும் முஸ்லிம் லீக்குக்கும் இடையே நின்றார். 1962இல் அணுகுண்டுச் சோதனையை நிறுத்தக் கோரி அமெரிக்கா சென்றார். 1964இல் காஷ்மீர்ச் சிக்கலில் ஆலோசனை சொன்னார். மூன்று முறையும் அவர் பலரின் கோபத்துக்கு ஆளானவராகவே இருந்தார். சர்ச்சைக்குரிய முன்னாள் தலைவரை அமைதித் தூதராக நம்பலாமா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் இதைவிட நெருங்கிய எடுத்துக்காட்டு இல்லை.

சர்ச்சையின் வேர் 1937இல் தொடங்குகிறது. சென்னை மாகாண முதன்மை அமைச்சராக இருந்த அவர் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்தவர்கள் சிறைக்குப் போனார்கள். அவர்களில் நடராசனும் தாளமுத்துவும் 1939இல் சிறைவாசத்தின்போது உயிரிழந்தனர். 1952இல் இராஜாஜி தேர்தலில் நிற்காமலே, மேலவை நியமன உறுப்பினராகி மீண்டும் முதலமைச்சரானார். அடுத்த ஆண்டு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்தது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றது. திட்டம் சிற்றூர்ப் பள்ளிகளுக்கே பொருந்தியது. திருப்பூர் நகராட்சிப் பள்ளிப் பிள்ளைக்குக் குறையாத பாடநேரம், அப்போது கோவை மாவட்டத்தில் இருந்த அவிநாசிபாளையம் போன்ற ஊர்ப் பிள்ளைக்குக் குறைந்தது. தறிக்காரர் மகன் தறிக்கும், காட்டுவேலைக்காரர் மகன் காட்டுக்கும் திரும்ப வேண்டும் என்பதுதான் இதன் பொருள் என்று பெரியாரும் தி.மு.க.வினரும் எதிர்த்தார்கள். ‘குலக்கல்வித் திட்டம்’ என்ற பெயர் நிலைத்தது. 1954இல் இராஜாஜி பதவி விலக, காமராசர் முதலமைச்சராகித் திட்டத்தைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பு நியாயமானது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அதே ஆட்சியில்தான் வேட்டி, சேலை உற்பத்தியைக் கைத்தறிக்கு ஒதுக்க வேண்டும் என்று மைய அரசிடம் இராஜாஜி வலியுறுத்தினார். நெசவாளருக்காக வாதாடியவரும் நெசவாளர் பிள்ளையின் பள்ளி நேரத்தைக் குறைத்தவரும் ஒருவரே.

இந்திக் கட்டாயத்துக்கும் கல்வித் திட்டத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் நடந்தது முதல் தூது. பாகிஸ்தான் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்கச் சொல்லும் தீர்மானத்தைச் சென்னை காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர்களிடம் 1942 ஏப்ரலில் நிறைவேற்றச் செய்தார். அகில இந்திய காங்கிரஸ் அதை நிராகரித்தது. அவர் கட்சியை விட்டு விலகினார். ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்திலும் சேரவில்லை. தோழர்கள் சிறையில் இருக்க வெளியே இருந்தவர் என்ற பழி பல ஆண்டுகள் அவரைத் தொடர்ந்தது. ஆனால் அந்த விலகல்தான் லீக் தலைவர் ஜின்னாவிடம் பேச அவருக்கு வழி திறந்தது. காந்தியின் ஒப்புதலோடு வகுத்த திட்டத்தை 1944 ஏப்ரலில் ஜின்னாவிடம் தெரிவித்தார். லீக் விடுதலைக் கோரிக்கையை ஆதரித்து இடைக்கால அரசில் சேர வேண்டும். போர் முடிந்ததும் வடமேற்கிலும் கிழக்கிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாகத் தொடர்ச்சியாக வாழும் மாவட்டங்களை வரையறுத்து, அங்குள்ள மக்கள் அனைவரிடமும் வாக்கெடுக்க வேண்டும். பிரிந்தால் பாதுகாப்பு, வணிகம், போக்குவரத்துக்கு உடன்படிக்கை வேண்டும். இடம்பெயர்வு அவரவர் விருப்பப்படியே நடக்க வேண்டும். செப்டம்பர் 9 முதல் 27 வரை பம்பாயில் காந்தியும் ஜின்னாவும் பேசினார்கள். உடன்பாடு எட்டவில்லை. பஞ்சாபையும் வங்காளத்தையும் பிளந்து கிடைக்கும் பாகிஸ்தானை ஜின்னா ஏற்கவில்லை. இராஜாஜிக்கோ காங்கிரசின் அதிகாரம் கையில் இல்லை. மூன்றே ஆண்டில் அந்த இரு மாகாணங்களும் பிளக்கப்பட்டன. அங்கே மக்களிடம் வாக்கெடுப்பும் இல்லை, விருப்பத்தால் நடந்த இடப்பெயர்வும் இல்லை.

1962 செப்டம்பரில், 83 வயதில், முதன்முறையாக மேலைநாடு சென்றார். காந்தி அமைதி நிறுவனம் அனுப்பிய குழுவில் ஆர். ஆர். திவாகரும் பி. சிவராவும் உடன் இருந்தனர். அப்போது அவர் சுதந்திராக் கட்சியை நிறுவி நேருவின் பொருளாதாரக் கொள்கையைக் கடுமையாகச் சாடிக்கொண்டிருந்தார். அமெரிக்கா பசிபிக் கடலில் அணுகுண்டுகளை வெடித்துக்கொண்டிருந்தது. சோவியத் நாடும் சோதித்துக்கொண்டிருந்தது. செப்டம்பர் 28ஆம் நாள் வெள்ளை மாளிகையில் அதிபர் கென்னடியைச் சந்தித்தார். சுருக்கமான சந்திப்பாகத் திட்டமிட்டது ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. அமெரிக்கா தானாகவே முதலில் சோதனையை நிறுத்த வேண்டும் என்று அவர் வாதிட்டார். கென்னடி மதிப்போடு கேட்டார், சோதனை நிற்கவில்லை. அடுத்த மாதமே கியூபா ஏவுகணை நெருக்கடி உலகை உலுக்கியது. வளிமண்டலம், விண்வெளி, கடலடிச் சோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தம் 1963 ஆகஸ்ட் 5ஆம் நாள் மாஸ்கோவில் கையெழுத்தானது. அதற்கு இராஜாஜியைக் காரணமாக்குவது மிகை. அங்கே அவர் பேச்சு மதிப்போடு கேட்கப்பட்டதற்குக் காரணம் தெளிவு: அவருக்கு அதில் அடையப் பதவி எதுவும் இல்லை, அவர் ஆட்சியில் புண்பட்ட எவரும் எதிரே அமர்ந்திருக்கவில்லை.

1964ஆம் ஆண்டின் தூதரே ஒரு முன்னாள் தலைவர்தான். ஜம்மு காஷ்மீர்ப் பிரதமராக இருந்து 1953இல் நீக்கப்பட்ட ஷேக் அப்துல்லா, இடையில் சிறிது காலம் தவிர சிறையிலேயே இருந்து, 1964 ஏப்ரல் 8ஆம் நாள் விடுதலையானார். அவரை விடுவிக்க வேண்டும் என்று எழுதிவந்த இராஜாஜியை மே மாதம் சென்னைக்கே வந்து சந்தித்தார். காஷ்மீர்ப் பொறுப்பை இரு நாடுகளும் பகிரும் வழி ஏதும் உண்டா என்று பேசினார்கள். பிறகு நேருவின் இசைவோடு அப்துல்லா பாகிஸ்தான் சென்று அதிபர் அயூப் கானைப் பார்த்தார். சிறைவைத்த அரசின் தூதை அவர் சுமந்தார் என்பதால்தான் அங்கே அவருக்கு மதிப்பு இருந்தது. இந்தியா, பாகிஸ்தான், காஷ்மீர் மூன்றும் இணையும் கூட்டாட்சி யோசனை அயூபுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நேருவைச் சந்திக்க டெல்லி வர இசைந்தார். மே 27ஆம் நாள் நேரு இறந்தார். முயற்சி அத்தோடு நின்றது; மறு ஆண்டு போர் மூண்டது.

இராஜாஜி, அப்துல்லா தூதுகளுக்கு நேர் எதிரானது டோனி பிளேர் கதை. 2003இல் ஈராக் போரில் பிரிட்டனை இறக்கிய அந்நாட்டுப் பிரதமர், 2007இல் பதவி விலகிய அன்றே மேற்காசிய நால்வர் குழுவின் தூதரானார். 2015 வரை இருந்தார். அந்தப் போரால் பாதிக்கப்பட்ட அதே வட்டாரத்துக்கு, அதை நடத்திய அரசுகளின் ஆதரவோடு சென்றார். பாலத்தீனர் பலர் அவரை நடுநிலையாளராக ஏற்கவில்லை. 2025இல் காசாவுக்கான அமெரிக்கத் திட்டத்தில் அவர் பெயர் மீண்டும் வந்தபோதும் அதே எதிர்ப்பு எழுந்தது.

சொந்த மாநிலத்தில் இராஜாஜிக்கும் நம்பிக்கை எளிதில் திரும்பவில்லை. 1938இல் இந்தியைத் திணித்தவர், 1950களின் பிற்பகுதியிலிருந்து இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்து, ஆங்கிலம் தொடர வேண்டும் என்று வெளிப்படையாக வாதிட்டார். பழைய முடிவுக்கு மாறாகப் பொதுவில் நின்ற பிறகே பழைய எதிரிகள் அவரோடு கைகோத்தார்கள். 1967 தேர்தலில் சுதந்திராக் கட்சி தி.மு.க. கூட்டணியில் சேர்ந்தது, காங்கிரஸ் தோற்று, அண்ணா முதலமைச்சரானார்.